நுண்கலைக் கல்லூரியில் ஸ்டுடியோவும் கலை வரலாறும்: எல்லையோரத்து மாணவி எங்கே படிக்கலாம்?

களியக்காவிளை வணிகர்

குழும அன்பர்களுக்கு வணக்கம். என் மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். சிறு வயதிலிருந்தே கையில் பென்சிலை விடாதவள். நான்காண்டு நுண்கலைப் பட்டம் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறாள். எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வரையக் கற்றால் மட்டும் போதாது, ஒரு காலத்து ஓவியம் ஏன் அப்படி இருந்தது, அடுத்த காலத்தில் ஏன் மாறியது என்பதையும் முறையாகப் படிக்க வேண்டும் என்கிறாள். உறவினர்களோ, "வரைவதற்குத்தானே போகிறாள், வரலாறு எதற்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

கேரள எல்லையில் உள்ள எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் பேருந்தில் போய்வரும் தொலைவு. சென்னை என்றால் ஓர் இரவு ரயில் பயணமும் விடுதி வாழ்க்கையும். மகள் தமிழ் வழியில் படித்தவள். கடையில் மலையாளம் பேசுவாள், வாசிக்கச் சற்றுத் தடுமாறுவாள். கலை வரலாற்றை அக்கறையோடு சொல்லித்தரும் இடம் எது, தமிழ் வழி மாணவியால் அதைத் தொடர முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டத்து மாணவி

ஐயா, நான் திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் படிக்கிறேன். 1888இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி இது. 1975இல் பட்டக் கல்லூரியாயிற்று. ஓவியம், சிற்பம், பயன்கலை ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. தொடக்கத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறோம். ஓவியம்தான் வேண்டும் என்று வந்தவர்கள், களிமண்ணைப் பிசைந்து பார்த்தபின் சிற்பத்துக்கு மாறியதைக் கண்டிருக்கிறேன். அதனால் மகள் இப்போதே ஒரு பிரிவை முடிவு செய்துகொள்ள வேண்டியதில்லை.

மொழியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது எந்த ஊர்க் கல்லூரியிலும் உள்ளதுதான். விளக்கம் மலையாளத்தில் வரும்போது, சந்தையிலும் பேருந்திலும் அதைக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை இருப்பதில்லை. நான் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டு, தேர்வுக்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். இருமுறை எழுதுவதால் பாடம் நன்றாகவே மனத்தில் நிற்கிறது. இட ஒதுக்கீடு, பிறப்பிடச் சான்று ஆகியவற்றில் இரு மாநில விதிகளும் வேறு வேறானவை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

நாகர்கோவில் தகப்பன்

அன்பருக்கு ஒரு தகப்பனின் நிலையிலிருந்து எழுதுகிறேன். என் மகனும் நுண்கலைப் பட்டம் பெற்றவன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. கலை வரலாறு அவனுக்கு எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? மதிய உணவுக்குப் பின், சன்னலை அடைத்த அறையில், திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தேர்வில் பத்து மதிப்பெண் வினாவுக்கு ஒப்பிப்பார்கள். அஜந்தாவும் அப்படித்தான், மைக்கேலாஞ்சலோவும் அப்படித்தான். நான்காண்டு முடிவில் அந்தக் குறிப்பேடுகளை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்று ஒரு விளம்பர நிறுவனத்தில் நல்ல நிலையில் இருக்கிறான் என்றால், அதற்குக் காரணம் அவன் வரைபலகையில் செலவிட்ட இரவுகளே. உங்கள் மகளுக்கும் நல்ல ஸ்டுடியோ உள்ள கல்லூரியைத் தேடுங்கள் என்பதுதான் என் கருத்து. வரலாற்றை எப்போது வேண்டுமானாலும் நூலகத்தில் படித்துக்கொள்ளலாம். இருபது வயதில் பழகாத கை பிறகு பழகாது.

தக்கலை விரிவுரையாளர்

நாகர்கோவில் அன்பர் சொன்ன இருட்டறை உண்மையே. பல கல்லூரிகளில் கலை வரலாறு அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. திரையில் ஓடும் படம் இரண்டு பெரிய தீங்குகளைச் செய்கிறது. தஞ்சை விமானமும் கைப்பிடி அளவுள்ள ஒரு செப்புத் திருமேனியும் அங்கே ஒரே அளவில் தெரிகின்றன. கல்லும் சுண்ணாம்பும் எண்ணெயும் ஒரே வெளிச்சமாகிவிடுகின்றன. அளவும் பொருளும் போனபின் மிஞ்சுவது பெயரும் ஆண்டும்தான், அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர மாணவருக்கு வேறு வழியில்லை. ஆனால் இதற்குத் தீர்வு வரலாற்றைக் கைவிடுவதன்று. அதை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவருவதும், ஸ்டுடியோவைக் கோயிலுக்கும் குகைக்கும் அழைத்துச் செல்வதுமே தீர்வு. கலை வரலாற்றைக் கற்பித்தவன் என்ற முறையில், கையும் கண்ணும் ஒன்றாகப் பழகாத கல்வி இரண்டையும் பாழாக்குகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நம் கன்னியாகுமரி மாவட்டத்து மாணவிக்குச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தோம். நிலம் இணைந்தது, கலை வரலாற்றுப் பாடத்திட்டம் இணையவில்லை. தமிழ்நாட்டுப் பாடத்தில் ஓவிய வரலாறு சித்தன்னவாசல், தஞ்சை, பிறகு நாயக்கர் கால மதுரை என்று நடந்து, நம் மலைகளுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. கேரளப் பாடத்திலோ அந்நாட்டுச் சுவரோவிய மரபின் மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படுவது திருநந்திக்கரைக் குடைவரையில் எஞ்சியிருக்கும் ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டுக் கோடுகள். அந்தக் குடைவரை குலசேகரத்துக்கு அருகில், நம் மாவட்டத்தில் இருக்கிறது. சிவராத்திரியன்று சிவாலய ஓட்டத்தில் பனையோலை விசிறியுடன் "கோபாலா, கோவிந்தா" என்று அவ்வூருக்கு ஓடி வருபவர்களில் எத்தனை பேர் அந்தப் பாறைக்குள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்? பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இரு மாநிலங்களும் உரிமை கொண்டாடுகின்றன. ஆனால் இரண்டின் வகுப்பறைகளிலும் அது ஓரத்தில்தான் வருகிறது. இந்த ஓரத்தில் பிறந்த மாணவி இரண்டு மரபுகளையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறாள். அவளுக்கு வரலாறு வேண்டாம் என்று சொல்வது, வீட்டு வாசலில் உள்ள கிணற்றை மூடிவிட்டு வெளியூரில் தண்ணீர் வாங்கச் சொல்வதைப் போன்றது.

வரலாறும் ஸ்டுடியோவும் எப்படிச் சேரும் என்பதற்குச் சிதறால் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பார்சுவநாதருக்கு மேல் பாம்பின் படம் விரிந்திருக்கிறது. சமண இயக்கியான அம்பிகை பிள்ளைகளோடும் சிங்கத்தோடும் நிற்கிறாள். அங்கே வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் சமணப் பள்ளியாக இருந்த அந்த இடம் பின்னாளில் பகவதி கோயிலாயிற்று. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் மாணவி அங்கே உட்கார்ந்து ஓர் உருவத்தை மட்டும் வரையத் தொடங்கினால் வேறொன்று தெரியவரும். செதுக்கிய ஆழம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த ஆழத்திலும் தோள் முன்னே வருகிறது, இடை உள்வாங்குகிறது. எப்படி? உருவத்தின் நடுப்பகுதியை உயர்த்துவதைவிட விளிம்பைச் சுற்றியுள்ள பாறையைக் கூர்மையாக வெட்டி நிழலுக்கு இடம் கொடுத்திருக்கிறான் சிற்பி. உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிவது, வெளிச்சம் சாயும்போது எழுந்து நிற்கிறது. திரும்பி வந்து, விரல் கனமுள்ள களிமண் பலகையில் அதே உருவத்தைப் புடைப்பாக்கிப் பார்த்தால், முதல் முயற்சியில் மூக்கு உயர்ந்து முகம் பொம்மையாகிவிடும். அப்போதுதான் அந்தப் பெயர் தெரியாத சிற்பியின் முடிவுகள் ஒவ்வொன்றாகப் புரியும். இதுதான் கலை வரலாறு. இதுவேதான் ஸ்டுடியோ பயிற்சியும்.

சிற்பத்தில் நாட்டம் இருந்தால் மயிலாடியில் உளியோடு இருப்பவர்களிடம் சில காலம் போய் உட்காரட்டும். கல்லைத் தட்டிப் பார்த்து அதன் ஓசையைக் கொண்டே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். திருவட்டாற்றில் பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவர் கல்லன்று, மூலிகையும் பிசினும் மணலும் போன்றவற்றைக் குழைத்துச் செய்யும் கடுசர்க்கரைப் படிமம். கல்லுக்கும் செம்புக்கும் அப்பால் இப்படி ஒரு சிற்ப ஊடகம் நம் நாட்டில் வழங்கியது என்பதைச் சிற்பப் பட்டம் பெற்ற பலரே அறிய மாட்டார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் நேரில் போய் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். கலை வரலாறு கற்பிப்பவர் ஸ்டுடியோவுக்குள் வருகிறாரா, மாணவர் வரைந்துகொண்டிருக்கும் ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேளுங்கள். கல்விச் சுற்றுலாவில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். புகைப்படம் எடுத்துத் திரும்புகிறார்கள் என்றால் ஒன்று, உட்கார்ந்து வரைந்து, அளந்து, எழுதுகிறார்கள் என்றால் வேறொன்று. நூலகத்து அலமாரிகள் பூட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கட்டடத்தைவிட இவை முக்கியம்.

குலசேகரத்துச் சுவரோவியர்

அண்ணாச்சி, விரிவுரையாளர் சார் திருநந்திக்கரையைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் கேரளச் சுவரோவிய முறையைக் குருவாயூரில் கற்றவன். 1970இல் குருவாயூர்க் கோயிலில் தீ பிடித்து ஸ்ரீகோயில் எனப்படும் கருவறைச் சுவரில் இருந்த பழைய ஓவியங்கள் அழிந்தன. பின்னர் மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் தலைமையில் அவை மீண்டும் தீட்டப்பட்டன. அந்த வேலையை ஒட்டி 1989இல் தேவஸ்வத்தின் சுவரோவியப் பயிற்சி நிலையமும் தொடங்கப்பட்டது. அழிவு நேர்ந்ததால்தான் ஒரு பள்ளி பிறந்தது. அந்தப் பள்ளி இல்லையென்றால் என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தொழில் கிடைத்திருக்காது.

கையையும் வரலாற்றையும் பிரிக்க முடியாது என்பதற்குச் சுவரைவிட நல்ல சான்று இல்லை. முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை. அது நன்கு காய்ந்தபின், சுண்ணாம்பை இளநீரில் கரைத்து மெல்லிய பூச்சாக மீண்டும் மீண்டும் பூசுகிறோம். இருபத்தைந்து, முப்பது முறைகூட ஆகும். ஒவ்வொரு பூச்சும் உலர வேண்டும். அவசரப்பட்டால் செதில் செதிலாக எழும்பிவிடும். அந்த வெண்மைதான் பின்னால் ஓவியத்தின் வெள்ளை நிறம். வெள்ளையைத் தனியாகத் தீட்டுவதில்லை, விட்டுவைக்கிறோம். மஞ்சளும் சிவப்பும் காவிக்கல்லை அரைத்து எடுப்பவை. பச்சைக்கு அவுரிச் சாற்று நீலத்தோடு எரவிக்கரை என்னும் மஞ்சள் பிசினைச் சேர்க்கிறோம். கருப்பு, நல்லெண்ணெய் விளக்கின் மேல் படியும் கரி. வண்ணத்தைச் சுவரோடு பிடிக்க வைப்பது வேப்பம்பிசின். மஞ்சள் கோட்டில் தொடங்கி, சிவப்பு, பச்சை என்று ஏறி, கடைசியில் கருப்புக் கோட்டால் உருவத்தைக் கட்டுகிறோம். நிழல் வேண்டிய இடத்தில் வண்ணத்தை இழுக்காமல் ஊசிமுனைப் புள்ளிகளாக நெருக்கி நெருக்கி வைக்கிறோம்; கன்னத்தின் திரட்சி அந்தப் புள்ளிகளின் நெருக்கத்தில்தான் இருக்கிறது.

இது உலர்ந்த சுவரில் தீட்டும் முறை. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் இருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்தினார். அவற்றை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், ஈரச் சுண்ணத்தில் தீட்டியவை என்று முடிவு கூறினார். ஈரச் சுவரில் பிசினே தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் உள்ளே பூட்டிக்கொள்கிறது. ஆனால் சுவர் உலர்வதற்குள் ஓவியன் முடித்தாக வேண்டும். பெரிய கோயிலில் அந்த விரைந்த, தயங்காத கோட்டைப் பார்க்கிறோம். கேரளச் சுவரில் பொறுமையாக அடுக்கிய நகைகளையும் புள்ளிகளையும் பார்க்கிறோம். பாணி வேறுபட்டதற்குச் சுவரின் ஈரமும் ஒரு காரணம் என்பதை, இரண்டையும் கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் முழுமையாகச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கிறேன்.

வரலாறு தெரியாத கையால் வரும் கேட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயிலில் பழைய ஓவியம் மங்கிவிட்டது என்று நல்ல எண்ணத்தோடே அதன் மேல் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசிப் புதுப்பித்துவிட்டார்கள். பூசியவருக்கு வரையத் தெரிந்திருந்தது. தன் தூரிகைக்கு அடியில் இருந்தது எந்தக் காலத்தது என்பதும், அந்தச் சுவர் மூச்சுவிட வேண்டும் என்பதும்தான் தெரியவில்லை. நாகர்கோவில் அன்பர் மன்னிக்க வேண்டும்; இத்தகைய இடங்களில் கலை வரலாறு தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிய செய்தி அன்று.

பெரியமேட்டில் படித்தவர்

நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவன்; சென்னைப் பெரியமேட்டிலுள்ள அரசு நுண்கலைக் கல்லூரியில் படித்தேன். விரிவுரையாளர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எல்லையோரத்துப் பிள்ளைக்கு எல்லையோரத்துச் சுவரே போதும் என்ற எண்ணம் அவர் எழுத்தில் தொனிக்கிறது. பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வெளியேறிப் பிற ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே ஸ்டுடியோவில் நிற்பதும் கல்விதான்.

அந்தக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. முதலில் கைத்தொழில் கலைகளுக்காகவே நடந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை முதல்வராக இருந்தார். கடற்கரையில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி அவர். பிற்கால ஓவியங்களில் மலையாள எழுத்துகளையும் கணக்குக் குறிகளையும் ஜாதகக் கட்டங்களையும் போன்ற வடிவங்களைக் கொண்டுவந்தார். 1966இல் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். இரண்டு மொழிகளுக்கு நடுவில் வாழ்ந்தவர் அந்த நடுவிடத்தையே ஓவியமாக்கியது உங்கள் மகள் அறிய வேண்டிய செய்தி. மலம்புழையில் 1969இல் யட்சி சிலையை எழுப்பிய கானாயி குஞ்ஞிராமன் சென்னையில் பயின்று பின்னர் திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தவர். ஆக, நீங்கள் ஒப்பிடும் இரு கல்லூரிகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல.

சென்னையின் பெரிய வசதி எழும்பூர் அருங்காட்சியகம் நடந்து போகும் தொலைவில் இருப்பது. அங்கே ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் உள்ளன, செப்புத் திருமேனிகளின் கூடம் உள்ளது. திருவாலங்காட்டு நடராசரை முன்னாலிருந்து எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒரு மாணவி கூடத்துச் செப்புத் திருமேனிகளைப் பக்கவாட்டிலிருந்தும் முடிந்தால் பின்னாலிருந்தும் வரைந்து பார்க்கட்டும். முதுகுத் தண்டின் பள்ளம் இடுப்பில் எப்படித் திரும்புகிறது, முன்னால் கண்ட அசைவைப் பின்னால் எந்தத் தசை தாங்குகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். எந்தப் பாடநூலிலும் பின்பக்கப் படம் எளிதில் கிடைப்பதில்லை. தவிர, அச்சுக்கலை, மட்பாண்டக்கலை, துணி வடிவமைப்பு ஆகியவற்றுக்குச் சென்னையில் தனிப் பிரிவுகள் உண்டு. கும்பகோணத்திலும் அரசு நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் சோழர் கோயில்கள் இருப்பதால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தக்கலை விரிவுரையாளர்

பெரியமேட்டு அன்பரின் மறுப்பு நியாயமானது. ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. எந்த ஊருக்குப் போனாலும் இங்குள்ளதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு போக வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஓவியர் கே. ஜி. சுப்ரமணியன் கூத்துப்பறம்பில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, 1944இல் வங்காளத்தில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனுக்குப் போய், பிறகு பரோடாவில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். ஓவியம், சுடுமண் புடைப்பு, பொம்மை, சுவர் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் வேலை செய்தார். அதே கையால் இந்தியக் கைவினை மரபைப் பற்றி ஆழ்ந்த கட்டுரைகளும் எழுதினார். செய்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்ற பிரிவு அவரிடம் இல்லை. ஊரைவிட்டுப் போனதும் அவருக்கு உதவியது, ஊரில் கண்டதும் உதவியது.

வணிகர் ஐயாவின் உறவினர்களுக்கு ரவிவர்மாவின் இளமைக் காலத்தை எடுத்துச் சொல்லலாம். திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ண நுட்பம் அறிந்திருந்த ராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் அவரை அனுமதித்தார். நுட்பம் எப்படி மறைக்கப்பட்டது, எவர் வழியாகக் கசிந்தது என்பதும் கலை வரலாறுதான். கல்லூரி என்ற ஒன்று ஏன் வேண்டியிருந்தது என்பதை அந்தக் கதை சொல்லிவிடுகிறது.

1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். தெய்வப் படங்கள் வீடுதோறும் வந்தன. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு பின்னாளில் கோவில்பட்டியில் தங்கி, சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளுக்கு வரைந்தார். உங்கள் வீட்டுப் பூசையறையில் பழைய அச்சுப்படம் ஒன்று இருந்தால் மகள் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கட்டும். மழமழவென்று தெரியும் கன்னம் பல நிறப் புள்ளிகளாகப் பிரியும். பழைய கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறமும் தனி அச்சுக்கல்லிலிருந்து ஏறியது. பிறகு திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்துக் காட்சிக்கூடத்தில் ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியத்தின் முன் நிற்கட்டும். பட்டுச் சேலையின் சரிகை, நெருங்கிப் பார்த்தால் கனமாக வைத்த சில தூரிகைத் தீற்றல்கள்தான். எதை அச்சு காப்பாற்றியது, எதை இழந்தது என்று அவள் ஒரு பக்கம் தமிழில் எழுதினால், அதுவே அவளுடைய முதல் கலை வரலாற்றுக் கட்டுரை.

நாகர்கோவில் தகப்பன்

விரிவாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. இப்படிக் கற்பித்திருந்தால் என் மகனுக்கும் அந்தப் பாடம் பிடித்திருக்கும் என்பதை ஏற்கிறேன். ஆயினும் இத்தகைய ஆசிரியர் கிடைப்பது எல்லாருக்கும் வாய்க்காது. கிடைக்காத இடத்தில் ஸ்டுடியோவே மாணவரைக் காக்கும் என்ற கருத்தில் மாற்றமில்லை. இன்னொரு கேள்வியையும் யாராவது வெளிப்படையாகப் பேச வேண்டும். கலை வரலாற்றைப் பிடித்துக்கொண்டு போகும் பெண்ணுக்கு வேலை எங்கே இருக்கிறது?

தக்கலை விரிவுரையாளர்

பட்டம் முடித்த கையோடு பெரிய ஊதியம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். முதுகலையில் கலை வரலாற்றை எடுத்துக்கொள்ள பரோடாவும் சாந்திநிகேதனும் நல்ல இடங்கள். அருங்காட்சியகவியல், ஓவியப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனமாக இருந்து இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனமாக மாறியுள்ள இடத்தைப் பார்க்கலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் காண்கலை ஒரு பாடமாக உள்ளது; அதில் கலை வரலாறும் இருக்கிறது. பாதுகாப்புப் பணிக்குக் கையும் வேண்டும், வேதியியலும் வேண்டும், வரலாறும் வேண்டும். மூன்றும் உள்ளவர்கள் குறைவு. நம் கோயில்களில் குடமுழுக்கு நடக்கும்போதெல்லாம் அந்தக் குறை கண்கூடாகத் தெரிகிறது.

களியக்காவிளை வணிகர்

எல்லாருக்கும் நன்றி. சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் விண்ணப்பிப்பது என்று வீட்டில் பேசியிருக்கிறோம். கும்பகோணத்தைப் பற்றி மகள் யோசிக்கிறாள். நுழைவுத் தேர்வுக்கு என்ன தயாரிப்பு வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா? அடுத்த ஞாயிறு அவளைத் திருநந்திக்கரைக்கு அழைத்துப் போவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்து மாணவி

ஐயா, பொதுவாகப் பொருள்களை வைத்து வரைவது, நினைவிலிருந்து வரைவது, கொடுத்த கருப்பொருளுக்குப் படம் அமைப்பது ஆகியவற்றைத்தான் சோதிப்பார்கள். மடிப்பு விழுந்த துணி, குடம், ஒரு பழம் ஆகியவற்றைச் சன்னலருகே வைத்து நாள்தோறும் வரையச் சொல்லுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைவதைச் சில மாதம் நிறுத்திவிடட்டும். நினைவிலிருந்து வரைவதற்கு உங்கள் கடையும் சந்தையும் போதும். மூட்டை தூக்குபவரின் முதுகு எப்படி வளைகிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் வரையட்டும். சேர்க்கையின்போது காட்டும் தொகுப்பில் முடித்த ஓவியங்களோடு கரட்டு ஓவியப் புத்தகத்தையும் வையுங்கள்.

குலசேகரத்துச் சுவரோவியர்

அண்ணாச்சி, திருநந்திக்கரைக்குப் போகும்போது ஒன்றை முன்னரே சொல்லிவிடுங்கள். முழு ஓவியத்தை எதிர்பார்த்துப் போனால் அவள் ஏமாந்துவிடுவாள். எஞ்சியிருப்பவை சிதைந்த கோடுகளும் நிறத் தடங்களும்தான். உள்ளே நுழைந்தவுடன் எதுவும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பேசியின் மின்னொளியைச் சுவரின் மேல் அடிக்க வேண்டாம். கோட்டை மட்டும் வரையாமல், காரை உதிர்ந்து பாறை வெளிப்பட்ட விளிம்பையும் வரையட்டும். அந்த விளிம்பில்தான் எத்தனை அடுக்கு பூசியிருக்கிறார்கள் என்பது தெரியும். சுவரைத் தொடக் கூடாது, எவ்வளவு ஆசை வந்தாலும். வரைந்ததை இங்கே பதிவிட்டால், எந்தக் கோடு முதலில் வந்திருக்கும், எது பிறகு ஏறியது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.